காந்தளூர்ச் சாலை: ஒரு சாகசக் கதையின் மூலங்கள்

திருவனந்தபுரம் வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. பழைய காந்தளூர்ச் சாலை இருந்த இடம் இதுவே என்பர். அச்சாலையைப் பற்றிச் சமூக ஊடகங்களில் ஒரு சாகசக் கதை உலவுகிறது: ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் அங்கிருந்த இரகசியப் போர்ப்பள்ளியில் பயின்றவர்களாம், பழிதீர்க்கவே இராசராசன் அதை அழித்தானாம்.

இக்கதையின் மூலங்கள் மூன்று. முதலாவது, காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று அது குறிக்கிறது. ஆனால் காந்தளூரின் பெயர் அதில் இல்லை.

இரண்டாவது, ஆய் மன்னன் கருநந்தடக்கனின் 9ஆம் நூற்றாண்டுப் பார்த்திவபுரச் செப்பேடு. 95 சட்டர்களுக்குக் காந்தளூர் நெறிப்படி ஒரு சாலை நிறுவியதை அது கூறுகிறது. சட்டர்க்கு இலக்கணப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஆயுதத்தால் தாக்கினால் தண்டமும் விதிக்கிறது. இதிலிருந்து சட்டர் ஆயுதம் தரித்தனர் என்று எம்.ஜி.எஸ். நாராயணன் உய்த்துணர்ந்தது தகும். ஆயினும் ஆயுதம் தரித்தோர் அனைவரும் கொலைஞர் ஆகிவிட மாட்டார்.

மூன்றாவது, இராசராசன் மெய்க்கீர்த்தியில் வரும் ‘கலமறுத்தல்’. கலம் என்பது மரக்கலமா, உண்கலமா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். இராசாதிராசன் மெய்க்கீர்த்தியும் இதே செயலைச் சொல்கிறது. பழிதீர்த்து அழித்த பள்ளியை இரண்டு தலைமுறை கழித்து மீண்டும் அழிப்பானேன்?

மூன்று ஆவணங்களையும் இணைக்கும் நூல் எந்த ஆவணத்திலும் இல்லை. கதைசொல்லியின் கையிலேயே இருக்கிறது. கற்பனை குற்றமன்று. சுஜாதா ‘காந்தளூர் வசந்தகுமாரன் கதை’யை நாவல் என்று சொல்லித்தான் தந்தார். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை உருவாக்கியோருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1979இல் வெளியிட்ட வழிகாட்டி நூலின் பின்னிணைப்பில் தமக்கு ஊக்கமளித்த எழுத்தாளர்களைப் பட்டியலிட்டார். பூதமும் புதையலும் நிறைந்த விளையாட்டுக்கே அந்த நேர்மை இருந்தது. வரலாறு என்று பெயர் சூட்டிக்கொண்ட கதைக்கு அது இல்லை.

இழப்பு சிறிதன்று. ஒரு கூட்டம் இக்கதையைச் சோழப் பெருமிதத்துக்கும், மற்றொரு கூட்டம் சாதிப் பகைக்கும் பயன்படுத்துகிறது. இடையில் மறைவது, இலக்கணம் கற்றோருக்கு ஊணும் உறையுளும் தந்த ஒரு கல்விமரபு. இக்கதையை மேற்கோள் காட்ட முனையும் மாணவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: எந்தக் கல்வெட்டில், எந்த வரியில்?