பெட்டி சைக்கிளுக்கு ரயிலில் இடம் உண்டா?

முன்னால் பெரிய மரப்பெட்டி. அதில் பெல்ட் போட்டு உட்கார்ந்த இரண்டு குழந்தைகள், காலடியில் காய்கறிப் பை. பின்னால் அம்மாவோ அப்பாவோ பெடல் மிதிக்கிறார். நம்ம சென்னை மீன்பாடி வண்டிக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கும் இந்த மூன்று சக்கர வண்டிதான், டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பல வீடுகளுக்குக் கார். அங்கே இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று இதை வைத்திருக்கிறது.

சரி, தாத்தா வீடு 30 கிலோமீட்டர் தள்ளி இருந்தால்? அவ்வளவு தூரம் மிதிக்க முடியாது. ரயிலில் ஏற்ற வேண்டியதுதான்.

கோபன்ஹேகன் புறநகர் ரயிலில் 2010-ல் சைக்கிளுக்கு டிக்கெட் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். வருமானம் போச்சே என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் வருடத்துக்குச் சுமார் 21 லட்சம் சைக்கிள்கள் ஏறிய ரயிலில், சில வருடங்களிலேயே 90 லட்சம் ஏறின. சைக்கிளுக்குத்தானே இலவசம்? அதை உருட்டி வருபவர் டிக்கெட் எடுத்தாக வேண்டுமே! பெட்டிகளில் இருக்கைகளைக் குறைத்து, மடக்கு சீட் போட்டு இடம் உண்டாக்கினார்கள். கூட்டம் அலைமோதும் நோரபோர்ட் ஸ்டேஷனுக்கு மட்டும் காலை, மாலை நெரிசலில் கட்டுப்பாடு வைத்தார்கள். மற்றபடி, இடமிருந்தால் பெட்டி சைக்கிளும் உள்ளே வரும்.

ஆட்களைவிட சைக்கிள்கள் அதிகமுள்ள நெதர்லாந்தில் இன்னும் தாராளமாக இருப்பார்கள் என்று நினைத்தால், அதுதான் இல்லை. தேசிய ரயில்களில் பெட்டி சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது. சாதா சைக்கிளுக்கும் தனி டிக்கெட். நெரிசல் நேரத்தில் அதற்கும் தடை. மடித்துவைத்த மடக்கு சைக்கிளுக்கு மட்டும் இலவசம். வண்டியை ஸ்டேஷனில் விட்டுவிட்டு, இறங்குமிடத்தில் வாடகை சைக்கிள் எடுத்துக்கொள் என்பது அவர்கள் கணக்கு. அதற்காக உத்ரெக்ட் ஸ்டேஷனில் சுமார் 12,500 சைக்கிள்கள் நிறுத்த இடம் கட்டியிருக்கிறார்கள்.

லேப்டாப் பையோடு ஆபீஸ் போகிறவருக்கு இது அருமையான ஏற்பாடு. தூங்கி வழியும் இரண்டு குழந்தைகளோடு இறங்கும் அம்மாவுக்கு? ஸ்டேஷனில் கிடைக்கும் வாடகை வண்டி சாதா சைக்கிள்; அதில் பெட்டி ஏது? ஆளாளுக்கு சைக்கிளோடு ஏறினால் நிற்க இடமிருக்காது என்ற நெதர்லாந்தின் கவலையும் நியாயம்தான். ஆனாலும் என் ஓட்டு டென்மார்க்குக்கே.

அங்கே பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாத்தா, பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வண்டியைப் படிக்கட்டில் தூக்க முடியாது. குழந்தைகளோடு கிளம்பும் முன், ஏறும் ஸ்டேஷனிலும் இறங்கும் ஸ்டேஷனிலும் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று மகனையோ மகளையோ பார்க்கச் சொல்லிவிடுங்கள்.