எவ்ளோ டார்க் வேணும் சார்?

மே மாதம், மத்தியானம் இரண்டு மணி. விழுப்புரம் நான்குமுனை சந்திப்புப் பக்கம் வெயிலில் காரை நிறுத்துங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பாருங்கள். 'ஒரு சன் ஃபிலிம் ஒட்டினா என்ன?' என்று தோன்றும். தப்பே இல்லை. எனக்கும் தோன்றியது. கடைக்கும் போனேன்.

கடைக்காரரின் முதல் கேள்வி: "எவ்ளோ டார்க் வேணும் சார்?"

கவனித்தீர்களா? வெயிலுக்கு வழி கேட்டுப் போனவனிடம், இருட்டு எவ்வளவு வேண்டும் என்கிறார். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நாம் கேட்பதைத்தான் அவர் விற்கிறார். கட்சிக் கொடி கட்டிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, உள்ளே இருப்பவர் தெரியாவிட்டால்தான் பெரிய மனுஷன் என்று நமக்குப் பழகிவிட்டது.

ஐயா, கறுப்பு வேறு, குளிர்ச்சி வேறு!

வெயிலின் சூட்டில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர். மலிவான கறுப்பு ஃபிலிம் என்பது வெறும் சாயம். வெளிச்சத்தைக் குடித்துக் கண்ணாடியைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு உள்ளேதான் வரும். கொஞ்ச வருஷத்தில் சாயம் வெளுத்து, கத்தரிப்பூ நிறமாகி, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். நல்ல செராமிக் ஃபிலிம், பார்த்தால் ஒட்டியதே தெரியாது. ஆனால் அந்தக் கறுப்பைவிட அதிகச் சூட்டைத் தடுக்கும்.

அதற்காக செராமிக் என்றதும் பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். அங்கே ஒரு வித்தை நடக்கும். சிவப்பு பல்பைப் போட்டு, நடுவே ஃபிலிமைப் பிடித்து, "கையை வைங்க சார், சூடே இல்ல பாருங்க, 97 பர்சென்ட்!" என்பார்கள். அந்த பல்பு பெரும்பாலும் அகச்சிவப்பைத்தான் கக்கும். 97 என்பது அந்தப் பாதியில் 97. கேட்க வேண்டிய எண் வேறு: மொத்த சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதத்தைத் தடுக்கும்? டி.எஸ்.இ.ஆர். என்று கம்பெனித் தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து சட்டம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எந்த அளவு ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்றது. 2021 ஏப்ரல் 1 முதல் விதி மாறி, பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடிக்கும் இடம் வந்தது. அதை வைத்து, அளவு மீறாத ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "ஃபிலிம் இப்ப லீகல் சார்" என்று கடையில் சொல்வது இதைத்தான். பாதி உண்மை! அளவு அப்படியேதான் இருக்கிறது: முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீத வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும், பக்கக் கண்ணாடிகளில் 50.

"50 ஃபிலிம்தானே ஒட்டறோம்?" என்பீர்கள். கணக்குப் போடுங்கள். கம்பெனிக் கண்ணாடியே லேசான பச்சை. அது 75 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 50 ஃபிலிம் என்றால் மிச்சம் முப்பத்தேழரை! முன்கண்ணாடியில் 90 ஃபிலிம் ஒட்டினாலும் அறுபத்தேழரைதான். காசும் கொடுத்து, வழியில் மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவில் முதல் தடவை 500, அடுத்த தடவை 1,500 அபராதமும் கட்டுவீர்கள்.

அபராதம் போகட்டும். எனக்குப் பயம் வேறு.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். ராத்திரி பத்து மணிக்கு, மழைத் தூறலில் ஓட்டிப் பாருங்கள். பின் விளக்கில்லாத கரும்பு டிராக்டர், எதிர்த்திசையில் வரும் பைக், சென்டர் மீடியனைத் தாண்டும் ஆயா... இவர்கள் முதலில் தெரிவது பக்கக் கண்ணாடி ஓரத்தில்தான். அதைத்தான் காசு கொடுத்து இருட்டாக்கியிருக்கிறோம். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையும் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. இரண்டும் ஒரே ரோட்டில். நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

ஒட்டத்தான் வேண்டுமா? ஒட்டுங்கள். ஆனால் தூசி பறக்கும் ரோட்டோரத்தில் ஒட்ட விடாதீர்கள். தண்ணீர்க் கொப்புளம் சில நாளில் காயும்; தூசிக் கொப்புளம் சாகும்வரை போகாது. ஒட்டி மூணு நாலு நாளைக்குக் கண்ணாடியை இறக்காதீர்கள். உலோகப் பூச்சு ஃபிலிமை முன்கண்ணாடியில் ஒட்டினால் விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஃபாஸ்டேக் படிக்காமல் முரண்டு பிடிக்கலாம். ரோல் நம்பர் எழுதிய வாரன்ட்டி கார்டு உங்கள் பேரில் வேண்டும். வண்டியை நிறுத்தும்போது மட்டும்தான் சூடு பிரச்னை என்றால், முன்கண்ணாடிக்கு உள்ளே வைக்கும் வெள்ளி நிற மறைப்பே போதும்.

"எவ்ளோ டார்க் வேணும் சார்?" என்று கேட்டால், "ஒட்டின பிறகு எவ்ளோ வெளிச்சம் மிச்சம்னு மீட்டர்ல காட்டுங்க" என்று சொல்லுங்கள். மீட்டர் இல்லை என்றால் வண்டியைத் திருப்புங்கள். அந்தக் கடையில் விற்பது இருட்டு மட்டும்தான்.