மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டுப் போடலாமா?

1988 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டு மேடையில், புதிய வரி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அடித்துச் சொன்னார் அமெரிக்க அதிபர் வேட்பாளர் மூத்த புஷ். குடியரசுக் கட்சிக்காரர்கள் அந்த ஒரு வாக்குறுதியை மந்திரம்போல் உருப்போட்டார்கள். இரண்டு வருடம்கூட முழுசாக அந்த வாக்கு நிற்கவில்லை. 1990இல் ஜனநாயகக் கட்சியின் கையிலிருந்த நாடாளுமன்றத்தோடு பேசி முடித்து, வருமான வரியின் உச்ச விகிதத்தை 28 சதவீதத்திலிருந்து 31 ஆக்கக் கையெழுத்திட்டார். பெட்ரோல் வரியும் கேலனுக்கு 5 சென்ட் ஏறியது. எதிர்ப்புக் கொடி பிடித்தவர்களில் முன்னால் நின்றவர் அவருடைய சொந்தக் கட்சியின் நியூட் கிங்ரிச்.

அடுத்த வருடமே வளைகுடாப் போர் வெற்றி. புஷ்ஷுக்கு 89 சதவீத ஆதரவு என்றது காலப் கணிப்பு. ஆனால் வரி விஷயத்தை ஆட்கள் மறக்கவில்லை. 1992 பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில், பதவியில் இருக்கும் அதிபரை எதிர்த்து நின்ற பத்திரிகையாளர் பாட் புகானன் 37 சதவீதம் வாங்கினார். நம்மூர்போல் தலைமைக்கழகம் அறிவிப்பதோடு அங்கே வேட்பாளர் விவகாரம் முடிந்துவிடாது. கட்சி வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகஸ்டில் ஹூஸ்டன் மாநாட்டில் புகானன் புஷ்ஷை ஆதரித்துப் பேசிவிட்டார். அவர் பின்னால் போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. நவம்பரில் புஷ்ஷுக்குக் கிடைத்தது 37 சதவீதத்துக்குச் சற்று மேல். சுயேச்சை ராஸ் பெரோவுக்குக் கிட்டத்தட்ட 19. ஜெயித்தது ஜனநாயகக் கட்சியின் கிளின்டன். பெரோதான் புஷ்ஷைக் கவிழ்த்தார் என்று கட்சிக்காரர்கள் இன்றைக்கும் சமாதானம் சொல்வார்கள். அன்று வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்போ வேறு சொன்னது: பெரோ இல்லாவிட்டால் அவருடைய ஓட்டு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே பிரிந்திருக்கும்.

எனக்கு அப்போது கிரீன் கார்டுதான், ஓட்டு இல்லை. சின்சினாட்டியில் மற்றவர்களின் வருமான வரிக் கணக்கைப் பார்த்துப் பிழைப்பவன் நான். குடியுரிமை வாங்கிய பிறகு குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட ஆரம்பித்தேன். அரசாங்கம் வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய அரசியல் கொள்கை கிடையாது.

அதனால்தான், அதிபர் புஷ் மகன் மறுபடி நின்ற 2004 தேர்தல் எனக்குச் சோதனையாக இருந்தது. என் வாடிக்கையாளர் ஒருவர், பிளம்பிங் கான்ட்ராக்டர், பக்தியுள்ள கத்தோலிக்கர். வரிக் கணக்குக் காலமும் அவர்களுடைய தவக்காலமும் ஒன்றாகவே வரும். வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு, ஷூ டப்பா நிறைய ரசீதுகளோடு என் அலுவலகத்துக்கு வருவார். ரசீதுகளில் எண்ணெய்க் கறை இருக்கும். அந்த வருடம் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே செய்தித்தாளை மேசையில் போட்டு ஒரு எண்ணைச் சுட்டினார்: 534. முதியோருக்கு மருந்து வாங்கித் தரும் மெடிகேர் திட்டம் பத்து வருடத்தில் 400 பில்லியன் டாலருக்குள் அடங்கும் என்று சொல்லி 2003 நவம்பரில் நிறைவேற்றினார்கள். விடிய விடிய, ஏறக்குறைய மூன்று மணி நேரம் வாக்கெடுப்பை முடிக்காமல் இழுத்து, மசியாத சொந்தக் கட்சி உறுப்பினர்களை வளைத்து வாங்கிய வெற்றி. அப்படியும் 25 பேர் மசியவில்லை. புஷ் மகன் கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம் ஆவதற்குள் மதிப்பீடு 534 பில்லியன் என்று அவருடைய அரசே சொன்னது. இந்த மாதிரிக் கணக்கை நான் எழுதிக் கொடுத்தால் என் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.

இருவருக்கும் வயிற்றெரிச்சல் ஒன்றுதான். நவம்பரில் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு புஷ்ஷுக்குப் போட்டார். நான் அட்டையில் அதிபருக்கான துளையைக் குத்தாமல் விட்டுவிட்டு, மற்ற பதவிகளுக்கு மட்டும் குத்தினேன். ஒஹாயோவில் புஷ் சுமார் 1,18,000 ஓட்டில் ஜெயித்தார். ஒஹாயோ போயிருந்தால் வெள்ளை மாளிகையும் போயிருக்கும். “உன்னைப் போல இன்னும் கொஞ்சம் பேர் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்” என்றார் அவர்.

அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. அவருக்கு வேண்டியது கருக்கலைப்பை எதிர்க்கும் நீதிபதிகள். 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஹாரியட் மையர்ஸ் என்ற தன் சட்ட ஆலோசகரை புஷ் நியமிக்கப் பார்த்தபோது, ஓட்டுப் போட்ட இதே ஆட்கள்தான் கொதித்து எழுந்தார்கள். மூத்த புஷ் 1990இல் நியமித்த டேவிட் சூட்டர், கருக்கலைப்பு வழக்கில் எதிர்ப்பக்கம் சாய்ந்த அனுபவம் அவர்கள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. கான்ட்ராக்டர் வேலைக்கு நடுவே வேனில் உட்கார்ந்து செனட்டர் அலுவலகத்துக்கு போன் போட்டதாகச் சொன்னார். மாதம் முடிவதற்குள் மையர்ஸ் விலகினார். சாமுவேல் அலிட்டோ வந்தார். கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த 2022 தீர்ப்பை எழுதியவர் அவர்தான். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பது இங்கே என் வழக்கு இல்லை. ஓட்டையும் கொடுத்து, மறுவருடம் சட்டையையும் பிடித்த ஆளுக்குக் கேட்டது கிடைத்தது. 1992இல் புஷ்ஷைக் கைவிட்டவர்களில் நீதிபதிகளுக்காகக் கவலைப்பட்டவர்கள் வாங்கிக்கட்டிக்கொண்டார்கள்: கிளின்டன் நியமித்த ரூத் பேடர் கின்ஸ்பர்க் 2020 வரை, இறக்கும்வரை, உச்ச நீதிமன்ற நாற்காலியில் இருந்தார்.

ஆகவே நீதிபதிக்காக ஓட்டுப் போடுகிறவர், அதிபர் எவ்வளவு எரிச்சலூட்டினாலும் நவம்பரில் விலகி நிற்கக் கூடாது. உட்கட்சித் தேர்தலில் அடித்துக்கொள்ளட்டும், ஜெயித்த மறுநாளிலிருந்து குடையட்டும்.

என் கோபம் வேறு ரகம். செலவைப் பற்றிக் கவலைப்பட்டு 2004இல் புஷ்ஷுக்குப் போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? மருந்துத் திட்டம் அப்படியே இருக்கிறது, பற்றாக்குறையும் போகவில்லை. இவர்கள் வேறெங்கும் போகமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டால் எந்த அதிபர் இவர்களுக்குப் பயப்படுவார்? நீதிபதியை நியமிப்பது அதிபர். பணத்துக்குப் பூட்டுப் போடுவது நாடாளுமன்றம். என்னைப் போன்றவர்கள் அதிபர் துளையைக் குத்தாமல் விடலாம், கீழே உள்ள வரிசையை மட்டும் விடக் கூடாது. 1992இல் புஷ் தோற்ற அதே நாளில் பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சிக்கு 9 இடம் கூடியது. 1993இல் கிளின்டன் உச்ச வரியை 39.6 சதவீதமாக ஏற்றினார், உண்மைதான். 1994இல் இன்னும் 54 இடம் பிடித்து, 40 வருடத்துக்குப் பிறகு சபையே குடியரசுக் கட்சியின் கைக்கு வந்தது. பிடிக்காத அதிபரும் இறுக்கிப் பிடித்த சபையும் ஒருவரோடொருவர் மல்லுக்கட்டி, 1998இலிருந்து நான்கு வருடம் தொடர்ந்து பட்ஜெட்டில் உபரி காட்டினார்கள். புஷ் மகனின் ஆட்சியில் வெள்ளை மாளிகையும் இரு சபைகளும் எங்கள் கட்சியிடமே இருந்தபோது அப்படி ஒரு வருடத்தை நான் பார்க்கவில்லை.