போதும் என்று யார் சொல்வது?

போன மாசம் ஒரு விடுதியில் கூட்டம். நம் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி. பேச வந்தவர் ஆசையை விடச் சொன்னார். இருப்பதைக் கொண்டு நிறைவாக வாழப் பழகுங்கள், தினமும் காலையில் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்து 'எனக்கு எல்லாம் இருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள் என்றார். ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுக்கிற பிள்ளைகளிடம். பின்வரிசையில் ஒருத்தன் எழுந்தான். "சார், கக்கூஸுக்குக் கதவு இல்ல. அதையும் இருக்குதுன்னே சொல்லணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்க ஆயா ஞாபகம் வந்துவிட்டது.

ஆயாவுக்கு வாழ்நாளில் ஒரே ஆசை. பித்தளைக் குடம். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஓடிச் சேர்த்த காசில், சீட்டுக் கட்டி வாங்கிச்சு. புளி போட்டு விளக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடை ஊத்துக்குப் போனது ஒரே ஒரு நாள். வழியில் பார்த்த ஆண்டை வீட்டம்மா கேட்டது: "ஏண்டி, மண்கொடம் போதாதா ஒனக்கு?" மறுநாள் ஆயாவை நடவுக்குக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. குடம் வீட்டு மூலையில் கவிழ்ந்தது. சாகிற வரைக்கும் ஆயா மண்குடத்தில்தான் தண்ணி மொண்டது. 'ஆசையைத் துறந்த' கதை இதுதான்.

ஏதோ ஒரு வீட்டம்மாவின் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியார் நம் மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. பெண்கள் மாரை மூடக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாண்டம் மட்டுமே புழங்கலாம். மறுவருஷம் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, சொந்த நிலம் வைத்திருக்கக் கூடாது என்பவையும் அதில் உண்டு. ஹட்டன் சாதி பற்றி எழுதிய நூலில் இந்தப் பட்டியல் இருக்கிறது. மனு தன் பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளனுக்கு உடைந்த பாத்திரத்தையும் பிணத்தின் துணியையும் இரும்பு நகையையும் ஒதுக்கிவைத்ததை இதோடு சேர்த்துப் படியுங்கள். நாம் துறப்பதற்கு எதை வைத்தார்கள்? ஆசைப்பட்டதற்கே அடி வாங்கிய சனத்துக்கு ஆசையைத் துறக்கப் பாடம் எடுக்கிறார்கள்!

பேச்சாளர் புத்தரை வேறு சாட்சிக்கு இழுத்தார். புத்தரை நமக்கு மீட்டுக் கொடுத்தவர் அம்பேத்கர். 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இதே விஷயத்தை எடுத்துப் பேசுகிறார். மனநிறைவு என்றால் பணிந்து கிடப்பதோ, சூழ்நிலைக்குச் சரணடைவதோ அல்ல என்கிறார். துன்பத்தில் கிடப்பவன் தன் நிலையை மாற்றப் பார்க்கக் கூடாது என்று புத்தர் சொல்லவே இல்லை. எல்லை தெரியாத பேராசைக்குத்தான் அணை போட்டார் என்கிறார். அதே அம்பேத்கர்தான் 1927 டிசம்பரில் மகாடில் கூடிய நம் பெண்களிடம், தீண்டாமையை அடையாளம் காட்டும் உடுப்பை விட்டொழியுங்கள், மேல்சாதிப் பெண்கள் போலவே சேலை கட்டுங்கள் என்றார். ஒரு சேலைக்கட்டு எவ்வளவு பெரிய ஆசை என்று அவருக்குத் தெரியும்.

நம்மிடம் பேராசையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வட்டிக்கு வாங்கி மஞ்சள்நீராட்டுக்குப் பேனர் வைக்கிறவன் நம் தெருவிலும் இருக்கிறான். அவனை நாம் திட்டுவோம், நம் வீட்டுச் சண்டை அது. ஆனால் அடுத்தவன் பங்கைப் பிடுங்குகிற ஆசையும், தன் பங்கைக் கேட்கிற ஆசையும் ஒன்றா? 1968இல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அங்கே ஆசை அடங்காதவன் யார்? 1892இல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை வளைத்துப் போட்டு இன்றும் விடாமல் இருக்கிறவர்கள் வீட்டுத் திண்ணையில் போய்ப் பேசட்டுமே இந்தத் துறவுப் பிரசங்கத்தை. பத்து நிமிஷம் போதாது, அரை நாள் கண்ணை மூட வேண்டியிருக்கும்.

ஆயாவின் குடம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. அடி நசுங்கியிருக்கிறது, ஆனாலும் அதில்தான் குடிதண்ணி.

கேள்வி கேட்ட பையனின் பேரை வார்டன் எழுதி வைத்துக்கொண்டாராம். கதவு இன்னும் போடவில்லை.