ஆம்பூருக்கும் ஒரு காட்சிக்கூடம் வேண்டும்

கொரோனா ஊரடங்கு நடந்த 2020 ஏப்ரல் கடைசியில், வேலூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லையில் சாலைக்குக் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். சித்தூர் பக்கம் போகும் இரண்டு வழிகள் அப்படி அடைபட்டன. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களுக்குள் இடித்தும் விட்டார்கள். அதே வாரங்களில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வைத்தியம் பார்க்க வந்த மேற்கு வங்க, ஜார்க்கண்ட் நோயாளிகள் லாட்ஜ் அறைகளில் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் கிளம்பிய பிறகுதான் அவர்களால் ஊர் திரும்ப முடிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் நீளும் ஊர்களில் டேனரிகள் மூடிக் கிடந்தன. ஐரோப்பிய ஆர்டர்கள் நின்றுபோயின. விடிவதற்கு முன்பே கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிவரும் ஷூ கம்பெனி பஸ்களும் ஓடவில்லை.

ஓவியரோ புகைப்படக்காரரோ பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாத காட்சிகள் இவை.

கலைஞர்கள் சும்மா இருக்கவும் இல்லை. அந்த மார்ச்சிலேயே சென்னை ஓவியர் பி. கௌதம், பழைய ஹெல்மெட்டையும் காகிதத்தையும் வைத்துக் கொரோனா வைரஸ் வடிவத்தில் ஒரு தலைக்கவசம் செய்து போலீஸாரிடம் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் ராஜேஷ் பாபு வாகன ஓட்டிகளை மறித்து நின்ற படம் உலகம் முழுக்கச் சுற்றியது. தமிழ்நாட்டில் பல ஊர் நாற்சந்திகளில் பெயின்டர்கள் தார்ச்சாலையையே திரையாக்கி ராட்சத வைரஸ்களை வரைந்தார்கள். ஃப்ளெக்ஸ் பேனர் வந்தபின் வேலை குறைந்துபோன கைகள் பல அதில் இருந்தன. போக்குவரத்து திரும்பியதும் சக்கரங்கள் அந்த ஓவியங்களைத் தேய்த்துவிட்டன. மிச்சமிருப்பவை யாரோ கைப்பேசியில் எடுத்த படங்கள்தான்.

பெரிய கலைச்சந்தைகளும் அப்போது இணையத்துக்குத்தான் ஓடின. ஹாங்காங் கண்காட்சி ரத்தானதும் ஆர்ட் பாசல் 2020 மார்ச்சில் இணையப் பார்வை அறைகளைத் திறந்தது. 200க்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள் பங்கேற்றன, 2000க்கும் மேற்பட்ட படைப்புகள் வந்தன. பார்சிலோனாவில் விளம்பரத் துறையைச் சேர்ந்த மூன்று பேர் இன்ஸ்டாகிராமிலேயே ‘கோவிட் ஆர்ட் மியூசியம்’ தொடங்கினார்கள். பெங்களூரில் மேப் எனப்படும் கலை, புகைப்பட அருங்காட்சியகம், கட்டடம் தயாராகும் முன்பே 2020 டிசம்பரில் இணையத்தில் திறந்துகொண்டது. அதன் உண்மையான கதவுகள் திறக்க 2023 பிப்ரவரி ஆயிற்று.

இந்த மாற்றத்தைச் சென்னையிலும் மும்பையிலும் உள்ளவர்கள் ஒரு தற்காலிக ஏற்பாடாகத்தான் பார்த்தார்கள். அவர்களுக்கு அது சரி, நோய் தணிந்ததும் திரும்பிப் போகக் கூடங்கள் இருந்தன. வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் சமகால ஓவியம் பார்க்க வேண்டும் என்றால் ஆம்பூர்க்காரர் இன்றும் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏற வேண்டும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது ஒரு நாள் சம்பளம். அந்த வீடுகளுக்குள் கண்காட்சி முதன்முறையாக நுழைந்தது தொற்றுக்காலத்தில்தான்.

இணையக் கண்காட்சியில் குறைகள் இல்லாமல் இல்லை. தோல் மண்டியில் சரக்கு எடுப்பவரைக் கவனித்தால் ஒன்று தெரியும். தோலை விரித்துப் போட்டதும் முதலில் உள்ளங்கையால் தடவுவார். ஓரத்தை மடித்து விட்டுப் பார்ப்பார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, உண்ணி கடித்த தழும்பும் முள் கீறிய கோடும் தேடுவார். போட்டோவைக் காட்டி விலை பேசச் சொன்னால் நகர்ந்துவிடுவார். ஓவியமும் அப்படியான பண்டம்தான். சாயத்தின் கனம், தூரிகை இழுத்த தடம், பக்கத்தில் நின்றால் மட்டும் தெரியும் அளவு, எதுவும் கண்ணாடித் திரைக்கு வருவதில்லை. கைப்பேசியில் இத்தகைய மெய்நிகர் கூடம் ஒன்றுக்குள் நுழைந்தால் சாம்பல் தரை, வெள்ளைச் சுவர், விரலால் தள்ளித் தள்ளி நடக்க ஓர் அம்புக்குறி. படம் முதலில் மங்கலாக வந்து மெல்லத் தெளிகிறது. கீழே உள்ள குறிப்பைப் படிக்கலாம் என்றால் பெரும்பாலும் இங்கிலீஷ். வீட்டில் இருந்த ஒரே போனும் அந்த வருடம் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விட்டது.

இருந்தும் அந்தத் திரை வழியே வந்த சில படைப்புகள் நெஞ்சைப் பிடித்து உலுக்கின. 2021-ல் பிரபாகர் காம்ப்ளே ஒருங்கிணைத்த ‘புரோக்கன் ஃபுட்’ என்ற இணையக் கண்காட்சி, ஊரடங்கில் ஊரை நோக்கி நடந்த தொழிலாளர்களின் பாதங்களிலிருந்து தொடங்கி, உழைப்பவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் நடுவே உள்ள பள்ளத்தைக் காட்டியது. ஊர் உலகத்துக்கெல்லாம் செருப்பும் ஷூவும் தைக்கிற ஆம்பூர் பார்த்திருக்க வேண்டிய கண்காட்சி அது. மதுரை பக்கம் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன், ஊரடங்கில் சொந்த வீட்டில் இருந்தபடி தன் குடும்பத்தையே படமெடுத்தார். ‘ஐ ஃபீல் லைக் எ ஃபிஷ்’ என்ற அந்தத் தொடரில் தொற்றுநோய் என்பது ஒரு தலித் குடும்பத்தின் திண்ணையும் முற்றமுமாக, பிள்ளைகளின் முகமாகத் தெரிகிறது. நல்ல கலைக்குச் சென்னை முகவரி தேவையில்லை என்பதற்கு அந்தத் தொடர் போதும்.

இணையமும் நேரடிக் கூடமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை போட்டோ பியனாலேயின் மூன்றாவது பதிப்பு உதாரணம். தொற்றால் தள்ளிப்போன அது, ‘மேப்ஸ் ஆஃப் டிஸ்க்வயட்’ என்ற தலைப்பில் 2021 டிசம்பரில் தொடங்கி 2022 பிப்ரவரி வரை நகரின் சில இடங்களிலும் இணையத்திலுமாக நடந்தது. நடுவே ஒமைக்ரான் அலை வந்தபோதும் இணையப் பக்கம் திறந்தே இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2021 ஏப்ரலில், 250க்கும் மேற்பட்ட மலையாளக் கலைஞர்களோடு ஆலப்புழையில் தொடங்கிய ‘லோகமே தறவாடு’ கண்காட்சியோ இரண்டாம் அலையில் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று.

இப்போது கேட்க வேண்டியது, அந்த இணையக் கூடங்கள் என்ன ஆகும் என்பதுதான். இத்தகைய முப்பரிமாணக் கூடங்கள் பல, மென்பொருள் நிறுவனங்களிடம் சந்தா கட்டி நடப்பவை. சந்தா நின்றால் கண்காட்சியும் மறையும். ஓவியம் ஓவியரிடம் இருக்கும், ஆனால் எது எதன் பக்கத்தில் தொங்கியது, அதற்கு யார் என்ன குறிப்பு எழுதினார் என்பதெல்லாம் போய்விடும். நூறு வருடத்துக்கு முந்தைய பிளேக் நோட்டீஸைக்கூட ஆவணக் காப்பகத்தில் தேடலாம். 2020-ன் கண்காட்சியைத் தேட முடியாது என்ற நிலை வரக்கூடாது.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. அரசு அருங்காட்சியகங்கள் துறையும் லலித் கலா அகாடமியின் சென்னை மையமும் தொற்றுக்கால இணையக் கண்காட்சிகளைக் கேட்டு வாங்கி, ஒரே இடத்தில் நிரந்தரமாக வைக்கலாம். குறிப்புகள் தமிழில் வேண்டும். சாதாரண போனிலும் குறைந்த டேட்டாவிலும் திறக்க வேண்டும். வேலூர்க் கோட்டை அருங்காட்சியகத்தில் ஓர் அறையை ஒதுக்கிப் பெரிய திரை வைத்தால், பள்ளிப் பிள்ளைகள் கும்பலாக உட்கார்ந்து பார்க்கலாம்.

அந்தத் திரையில் இந்த ஊர்களின் கதையும் வர வேண்டும். சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளின் மாணவர்களை இங்கே அனுப்பலாம். எல்லைச் சுவர் நின்ற இடம், சி.எம்.சி. எதிரே உள்ள லாட்ஜ்களின் மாடிப்படி, பத்துத் தொழிலாளர்கள் 2015 ஜனவரியில் கழிவுத் தொட்டி உடைந்து செத்துப்போன ராணிப்பேட்டை சிப்காட், ஊரடங்கில் ஆளில்லாமல் கிடந்த தையல் வரிசைகள் எல்லாம் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. அந்த வருடத்தைக் கடந்துவந்த பெண்கள் இன்றும் அதே கம்பெனி பஸ்களில்தான் போய்வருகிறார்கள். முதலில் அவர்களிடம் போய்ப் பேச வேண்டும். அவர்கள் போனில் அப்போது எடுத்த படங்களையும் கேட்டு வாங்க வேண்டும், போன் மாற்றும்போது அவை அழிந்துபோவதற்குள்.