ரோமானியர் வீடாம்... யார் வீடு யாருக்கு?

மேலநீலிதநல்லூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு காலேஜ் டூர் போகிறவர்கள் லிஸ்டில் சம்பா கோவில் கட்டாயம் இருக்கும். நேரம் மிச்சமிருந்தால் அரிக்கமேடு. ஆற்றங்கரைத் தோப்புக்குள் இடிந்த செங்கல் சுவர்கள், அதன் முன்னால் குரூப் போட்டோ, அடியில் ஒரு வரி: "2000 வருஷத்து ரோமானியர் வீடு".

அது ரோமானியர் வீடு இல்லை மக்கா! 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய குருமடம். நிஜமான பழசு மண்ணுக்கு அடியில் இருக்கிறது, தோண்டிய குழிகளையும் மூடியாச்சு.

சரி, போட்டோவில் ஏமாந்தது கூடப் பரவாயில்லை. மண்ணுக்குள் இருப்பதையும் ரோமானியர் தலையில் கட்டுவதுதான் எரிச்சல். 1945-ல் இங்கே தோண்டிய மார்டிமர் வீலர் தன் அறிக்கையில் "இந்தோ-ரோமன் வணிக நிலையம்" என்று எழுதினார். அதிலிருந்த "இந்தோ"வை நம்மாட்கள் வழியிலேயே தொலைத்துவிட்டார்கள். 1989 முதல் 1992 வரை தோண்டிய விமலா பெக்லி குழு, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்ததைக் காட்டியது. மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு என்று வீலர் நினைத்த ஒருவகைப் பானையும், பிற்பாடு மண்ணைச் சோதித்ததில் இந்தியப் பானை என்று தெரிந்தது. பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்து வேறு. கண்ணாடி மணி செய்தவர்கள், சரக்கை ஏற்றி இறக்கியவர்கள் எல்லாம் இந்த ஊர்க்காரர்கள். ஒயின் ஜாடி வந்ததால் வீடு ரோமானியருடையதா? அப்படிப் பார்த்தால் சீனா போன் வைத்திருக்கும் ஒவ்வொருவர் வீடும் சீனர் வீடுதான்!

பி.காம். படிக்கிறவனுக்கு இது லெட்ஜர் மாதிரி புரியும். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று முதல் நூற்றாண்டிலேயே புலம்பியவர் ரோமாபுரி பிளினி. புலம்பியது வாங்கினவன் ஊர். விற்றவன் ஊருக்கு வாங்கினவன் பெயரையா வைப்பது?

இத்தாலியில் பொம்பேயி என்ற ஊர் கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. 1938-ல் அங்கே ஒரு வீட்டில் இந்திய யானைத் தந்தச் சிலை கிடைத்தது. சிலையின் பெயரை வீட்டுக்கு வைத்தார்களே தவிர, "இங்கே இந்தியர்கள் குடியிருந்தார்கள்" என்று யாரும் போர்டு மாட்டவில்லை. (அவனுங்க விவரம்.)

இப்போது சம்பா கோவிலைப் பாருங்கள். அது அச்சு அசல் வெளிநாட்டார் ஆரம்பித்தது. 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கியபோது பழைய கோவிலும் போனது. இப்போது நிற்பது 1791-ல் முடிந்தது. ஆனாலும் அது பிரெஞ்சுக்காரர் கோவில் என்று யாராவது சொல்கிறார்களா? செயின்ட் பால் என்ற பெயரைச் சம்பாவாக்கி, மாதாவை ஜென்மராக்கினி ஆக்கி, நம்ம ஊர்க் கோவிலாகவே மாற்றிவிட்டார்கள். அந்நியன் கட்டியதைச் சொந்தமாக்கத் தெரிந்த ஜனம், சொந்தக்காரன் கட்டியதை அந்நியனுக்குப் பட்டா போட்டுக் கொடுப்பது என்ன கணக்கோ?

அடுத்த பேட்ச் தாராளமாகப் போட்டோ எடுக்கட்டும். அடியில் மட்டும் "பழைய குருமடம்" என்று எழுதினால் போதும். ரோமானியர் வீடுதான் பார்க்க வேண்டுமென்றால் பொம்பேயிக்கு டிக்கெட் போடுங்கப்பா.