'ஹாட்' என்றால் எத்தனை டிகிரி?

போன செமஸ்டர்ல வாராவாரம் திண்டுக்கல்லுக்குப் போகும்போது அழுக்குத் துணியோட சேர்த்து இன்னொண்ணையும் கொண்டுபோயிருக்கேன். எனக்கே தெரியாது. ஸ்கேபீஸ். தமிழ்ல சொன்னா சிரங்கு. ஹாஸ்டல்ல எங்க விங்ல நிறைய பேருக்கு அரிப்பு இருந்துச்சு. எல்லாருமே "வேர்க்குரு மச்சி"ன்னு பவுடர் அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சோம். வீட்டுக்குப் போனா நான் படுக்கிறது அப்பத்தா கட்டில்ல. போர்த்துறது அவங்க போர்வை. ஸ்டடி லீவுக்குப் போனப்போ அப்பத்தா ராத்திரி பூரா கையைச் சொறிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. வயசு 78.

டாக்டர் ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டார். வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி கழுத்துக்குக் கீழே க்ரீம் தடவணும், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. கூடவே, கடைசி மூணு நாள் பயன்படுத்தின துணி, போர்வை, தலையணை உறை எல்லாத்தையும் சுடுதண்ணில துவைக்கணும்னு சொன்னார். அம்மா நிம்மதியா, "நம்ம மிஷின்லதான் ஹாட் இருக்கே"ன்னாங்க.

இந்தக் கட்டுரை அந்த 'ஹாட்' பட்டனைப் பற்றியது.

எங்க வீட்டு மிஷின் டாப் லோட். உள்ளே ஹீட்டர் கிடையாது. பின்னாடி ரெண்டு இன்லெட். ஒண்ணுல மொட்டைமாடி டேங்க் தண்ணி, இன்னொண்ணுல பாத்ரூம் கீசர்ல இருந்து வர்ற லைன். 'ஹாட்' அமுக்கினா ரெண்டாவது வால்வ் திறக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. வர்ற தண்ணி சூடா இருக்கான்னு பார்க்கிறது அதோட வேலை இல்லை.

தண்ணி நிரம்பினதும் மூடியைத் திறந்து கையை விட்டேன். குழந்தையைக் குளிப்பாட்டலாம், அந்த மாதிரி இருந்துச்சு. சந்தேகம் வந்து, மினி ப்ராஜெக்டுக்கு வாங்கின வாட்டர்ப்ரூஃப் டெம்பரேச்சர் சென்சாரை எடுத்துட்டு வந்து மிஷினை நிறுத்தி உள்ளே போட்டேன். 38 டிகிரி.

சிரங்குப் பூச்சியும் அதோட முட்டையும் சாக 50 டிகிரி வெப்பம் 10 நிமிஷம் வேணும். 38 டிகிரின்னா கிட்டத்தட்ட நம்ம உடம்புச் சூடு. அதாவது அந்தப் பூச்சி சுகமா வாழுற சூடு. நாங்க அதுக்கு ஒரு ஸ்விம்மிங் பூல் கட்டிக் கொடுத்திருக்கோம்!

ஏன் 38? நான் பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ் மீடியம். 'ஸ்பெசிஃபிக் ஹீட் கெபாசிட்டி'ன்னு மனப்பாடம் பண்ணினவன். தமிழ்ல அது 'தன்வெப்ப ஏற்புத்திறன்'னு இந்தக் கட்டுரைக்காகத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பெயர் எதுவானாலும் கணக்கு ஒண்ணுதான். எங்க கீசர் 15 லிட்டர், 60 டிகிரியில் வச்சிருக்கோம். மிஷின் ஒரு தடவைக்கு எடுக்கிறது சுமார் 60 லிட்டர். 60 டிகிரி தண்ணி 15 லிட்டரும், டேங்க்ல இருந்து வர்ற 28 டிகிரி தண்ணி 45 லிட்டரும் கலந்தா 36 டிகிரி. நிரம்புற 10 நிமிஷமும் கீசரோட 2 கிலோவாட் காயில் ஓடிக்கிட்டே இருக்கும், அதனால இன்னொரு 5 டிகிரி கூடும். மொத்தம் 41. பைப்பும் டிரம்மும் துணியும் தங்கள் பங்கைப் பிடுங்கினது போக மிச்சம் 38. மிஷின்ல எந்த ரிப்பேரும் இல்லை. இந்த அமைப்பில் அதுக்கு மேல வரவே வராது.

"அப்போ ஃப்ரண்ட் லோட் வாங்கியிருக்கணும்"னு சொல்வீங்க. ஓரளவு சரி. அதுல ஹீட்டர் உள்ளேயே இருக்கு, தண்ணியும் குறைவு. 15 லிட்டரை 28-ல இருந்து 60-க்குக் கொண்டுபோக சுமார் 2,016 கிலோஜூல் வேணும். அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. 2 கிலோவாட் ஹீட்டர்னா 17 நிமிஷம். ஆனா சாயங்காலம் எங்க தெருவில வோல்டேஜ் 180-க்கு இறங்கும். ஹீட்டரோட பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 180 வந்தா பவர் 61 சதவீதம்தான். 17 நிமிஷம் 27 ஆகும். இப்போ 30 நிமிஷ 'க்விக் வாஷ்'ஐ யோசிங்க. அதுக்குள்ள நிரப்பணும், சூடாக்கணும், துவைக்கணும், அலசணும், பிழியணும். 60 டிகிரி எங்கே இருந்து வரும்? போதாக்குறைக்கு போர்வெல் உப்புத் தண்ணியால ஹீட்டர் மேல சுண்ணாம்பு மாதிரி படியும். அது படியப் படியச் சூடு தண்ணிக்குப் போறது தாமதமாகும்.

சில வீடுகள்ல நிலைமை இன்னும் மோசம். கீசர் லைன் எட்டாதுன்னு ஒரு ஒய் இணைப்பு போட்டு ரெண்டு இன்லெட்டுக்கும் அதே டேங்க் தண்ணியைக் கொடுத்துட்டுப் போயிடுறாங்க. அங்கேயும் 'ஹாட்' விளக்கு சிவப்பா எரியும். தண்ணி பச்சைத்தண்ணி.

என் வாதம் எல்லாரும் எல்லாத்தையும் சுடுதண்ணில துவைக்கணும்ங்கிறது இல்லை. காலேஜ் சட்டை, ஜீன்ஸ் எல்லாம் டேங்க் தண்ணியிலேயே சுத்தமாகும். ரத்தக்கறை, முட்டைக்கறை மாதிரி புரதக் கறையைச் சுடுதண்ணில போட்டா இன்னும் அழுத்தமா ஒட்டிக்கும். என்சைம் உள்ள சோப்புத்தூளும் ரொம்பச் சூட்டுல வேலையை நிறுத்திடும். டாப் லோட்ல 60 லிட்டரையும் 60 டிகிரிக்குக் கொண்டுபோனா ஒரு வாஷுக்கு 2 யூனிட்டுக்கு மேல ஆகும். இது அனாவசியம். சிரங்குக்கும் வேற வழி இருக்குன்னு டாக்டரே சொன்னார். துவைக்க முடியாததை பாலித்தீன் பையில இறுக்கிக் கட்டி குறைஞ்சது மூணு நாள், முடிஞ்சா ஒரு வாரம் வச்சா போதும். மனுஷத் தோல் இல்லாம அந்தப் பூச்சி ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது.

என் கோபம் அந்த வார்த்தை மேல. எப்பவோ ஒரு நாள் நிஜமாவே சூடு தேவைப்படும்: சிரங்கு, படுக்கையில இருக்கிற பெரியவங்களோட விரிப்பு, டஸ்ட் அலர்ஜி இருக்கிற பிள்ளையோட தலையணை உறை. அதுல இருக்கிற தூசிப்பூச்சி சாகவும் 55 டிகிரியாவது வேணும். அந்த ஒரு நாள் எங்கம்மா ஒரு பட்டனை நம்பினாங்க. அது 'ஹாட்'னு சொல்லிட்டு 38 கொடுத்துச்சு. ஒரு தெர்மிஸ்டர் என்ன விலைன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். பாட்டுப் பாடி 'வாஷ் முடிஞ்சது'ன்னு சொல்லத் தெரிஞ்ச மிஷினுக்கு, 'தண்ணி 38 டிகிரிதான் இருக்கு'ன்னு சொல்லத் தெரியாதா? சொல்லணும். இல்லைன்னா அந்தப் பட்டன்ல 'ஹாட்'னு எழுதாம 'கீசர் லைன்'னு எழுதட்டும். அதாவது உண்மை.

கடைசியில நாங்க என்ன பண்ணினோம்? பொங்கலுக்கு மட்டும் இறங்குற அண்டா பரண்ல இருந்து இறங்குச்சு. மொட்டைமாடியில விறகடுப்பு. சாயம் போகாத காட்டன் துணி, போர்வை எல்லாத்தையும் கொதிக்கிற தண்ணில அரை மணி நேரம் ஊறவச்சோம். சென்சார் 70-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஆறினதுக்கு அப்புறம்தான் மிஷின். (கொதிக்கிற தண்ணியை நேரா மிஷின்ல ஊத்திடாதீங்க, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கும் ரப்பரும் தாங்காது.) அப்பத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. அவங்க சின்ன வயசுல ஊர்ல சலவைக்காரர் குடும்பம் உவர்மண்ணுல துணியை நனைச்சு வெள்ளாவி வைக்கிறதைப் பார்த்த கதையைச் சொன்னாங்க. பானைத் தண்ணி கொதிச்சு அந்த ஆவியிலேயே துணி ராத்திரி பூரா வேகுமாம். நாம டிகிரி வாங்கப்போறோம். அவங்களுக்கு டிகிரியே தேவைப்படலை. ஆனா அந்த வேலை ஒரு சாதியோட முதுகுலதான் ஏத்தப்பட்டிருந்துச்சு. அதனால 'அந்தக் காலம் பொற்காலம்'னு நான் சொல்லமாட்டேன். மிஷின் வந்தது நல்லது. அது ஒழுங்கா வேலை செய்யணும், அவ்வளவுதான்.

"ஏய்யா, இம்புட்டு காசு குடுத்து வாங்குன மிசினு தண்ணி சுட வைக்காதா?"ன்னு அப்பத்தா கேட்டாங்க. "வைக்காது அப்பத்தா, சுட வச்ச மாதிரி லைட்டு மட்டும் போடும்"னேன். சிரிக்கலை. "பெறகு அந்த லைட்டு எதுக்கு?"

நாலு வருஷத்துல எந்த வைவாவிலயும் இவ்வளவு நேரான கேள்வியை என்கிட்ட யாரும் கேட்டதில்லை.

ரெண்டு விஷயம் சொல்லி முடிச்சுக்கிறேன். ஒண்ணு, இன்னைக்கு உங்க வீட்டுக்கு போன் பண்ணி மிஷினோட ஹாட் இன்லெட் எதோட சேர்ந்திருக்குன்னு கேளுங்க. சோலார் ஹீட்டர் இருந்தா அந்த லைனைக் கொடுத்து, காலையில துவைக்காம நல்லா வெயில் அடிச்ச பிறகு மூணு மணிக்குத் துவைக்கச் சொல்லுங்க. ரெண்டு, ஹாஸ்டல்ல அரிப்பு இருந்தா வேர்க்குருன்னு சமாளிக்காதீங்க. முதல் தடவை வர்றவங்களுக்கு அரிப்பு தெரியவே சில வாரம் ஆகும், அதுக்குள்ள நீங்க ரெண்டு தடவை ஊருக்குப் போயிட்டு வந்திருப்பீங்க. டாக்டரைப் பாருங்க. ரூம்மேட்டையும் கூட்டிட்டுப் போங்க.

அப்பத்தாவுக்கு இப்போ சரியாயிடுச்சு. நான் போனா இன்னும் அவங்க கட்டில்லதான் படுக்கிறேன். ஆனா போர்வை மட்டும் தனியா.